வீட்டைக் கடையாக்கும் கணக்கு

வீட்டை வணிகக் கட்டடமாக மாற்ற எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே வரியில் விடை கிடைத்துவிடும்: "சதுர அடிக்கு இவ்வளவு." திருச்சி தில்லைநகரில் என் சித்தப்பாவின் வீட்டைப் பார்க்க வந்த ஒப்பந்ததாரரும் அதைத்தான் சொன்னார். தரைத்தளம் 1,230 சதுர அடி, முதல் தளம் 850 சதுர அடி, மொத்தம் 2,080. சதுர அடிக்கு 900 ரூபாய் வீதம் 18 லட்சத்து 72 ஆயிரம் ரூபாய். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது. கட்டட மதிப்பீட்டுத் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்பதால் அந்தத் தொகையைச் சரிபார்க்கும்படி சித்தப்பா என்னிடம் கேட்டார். நான் தயாரித்துக் கொடுத்த மதிப்பீடு அதைப்போல ஏறத்தாழ இரு மடங்காக வந்தபோது அவர் கேட்டது இன்றும் நினைவிருக்கிறது: "ஏன்டா, சுவரு இருக்கு, கூரை இருக்கு, வீடு அப்படியே நிக்குது. அப்புறம் எதுக்குடா இவ்வளவு?"

நியாயமான கேள்விதான். புதுக் கட்டடத்தில் சதுர அடிக் கணக்கு ஓரளவு பொருந்துவதற்குக் காரணம், அங்கே அடித்தளம் முதல் வெள்ளையடிப்பு வரை எல்லா வேலைகளும் பரப்புக்கு ஏற்றவாறு கூடிக் குறைவதுதான். மாற்ற வேலையில் அப்படி நடப்பதில்லை. ஒரு சுவரை எடுப்பதற்கு ஆகும் செலவுக்கும் அந்த அறையின் பரப்புக்கும் தொடர்பே இல்லை. அந்தச் சுவரின் மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. மின் இணைப்புக்கான செலவு உள்ளே ஓடப்போகும் ஏ.சி.களைப் பொறுத்தது. அனுமதிக்கான செலவு நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வரைபடத்துக்கும் இப்போது நிற்கும் கட்டடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. ஆகவே அளவு நாடாவைக் கையில் எடுப்பதற்கு முன், இந்தக் கட்டடத்துக்குள் யார் வரப்போகிறார்கள், என்ன வைக்கப்போகிறார்கள் என்பது முடிவாக வேண்டும். எங்கள் விஷயத்தில் கீழே ஓர் ஆயத்த ஆடைக் கடை, மேலே ஒரு பல் மருத்துவமனை என்று இரண்டு வாடகைதாரர்கள் பேச்சுவார்த்தையில் இருந்தார்கள். பயன்பாடு தெரியாமல் "வணிகத்துக்கு ஏற்றபடி" என்று பொதுவாக மாற்றிவைக்க நினைப்பவர்கள், வாடகைதாரர் வந்தபின் பாதி வேலையை மறுபடி உடைக்க வேண்டியிருக்கும்.

வீடு 1986-இல் கட்டப்பட்டது. 40 அடிக்கு 60 அடி மனை, ஏறத்தாழ ஐந்தரை சென்ட். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களே பாரம் தாங்கும் அமைப்பு, தூண்கள் கிடையாது. மேலே நாலரை அங்குலக் கான்கிரீட் தளம், மொசைக் தரை, மொட்டை மாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதித்த பழைய பாணித் தளம். அந்தக் காலத்தில் திருச்சியில் நடுத்தரக் குடும்பத்தார் கட்டிய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆகவே இதில் கண்டவை பல வீடுகளுக்குப் பொருந்தும்.

முதலில் காகிதங்களை எடுத்துப் பார்த்தோம். அந்தச் சர்வே எண் நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எந்த மண்டலத்தில் வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. முதன்மைக் குடியிருப்பு மண்டலமாக இருந்தால் வரையறைக்கு உட்பட்ட சிறு கடைகளுக்கு மேல் இடமில்லை. நில உபயோக மாற்றம் கோர வேண்டும், அதற்குக் காலமும் கட்டணமும் தனி. கலப்புக் குடியிருப்பாகவோ வணிக மண்டலமாகவோ இருந்தால், கட்டடத்தின் பயன்பாட்டை மட்டும் மாற்றி அனுமதி வாங்கினால் போதும். எங்களுக்கு இரண்டாவது வகை அமைந்தது. முதல் வகையாக இருந்திருந்தால் நான் மேற்கொண்டு மதிப்பீடு போட்டிருக்கவே மாட்டேன். அடுத்த கேள்வி, அனுமதி பெற்ற வரைபடத்துக்கு உட்பட்டுத்தான் வீடு இருக்கிறதா என்பது. மேற்குப் பக்கத்தில் விட்டிருக்க வேண்டிய ஐந்தடி இடைவெளியில் பிற்காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு ஒரு சாமான் அறை முளைத்திருந்தது. வீடாக இருக்கும்வரை யாரும் கேட்கவில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி பக்க இடைவெளி, வாகன நிறுத்துமிடம், சாய்தளம் எல்லாம் புதிதாகச் சரிபார்க்கப்படும். அந்த அறை இடிக்கப்பட வேண்டியதாயிற்று. அதில் இருந்த குளியலறைக்கு வேறிடம் தேட வேண்டியதும் ஆயிற்று. சதுர அடிக் கணக்கில் இப்படிப்பட்ட வேலைக்கு இடமே கிடையாது.

அடுத்தது பாரம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வீட்டை மாற்றும் பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. கட்டடங்களின் மேல் வரும் பாரங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, வீட்டு அறைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ என்று பயன்பாட்டுப் பாரத்தை வகுத்திருக்கிறது. சில்லறை விற்பனைக் கடைக்கு அது 4 கிலோநியூட்டன். மருத்துவமனையின் புறநோயாளிகள் பகுதிக்கு 2.5. சரக்கு அடுக்கும் கிடங்கு என்றால் இவற்றையெல்லாம் தாண்டிப் போய்விடும். ஆடைக் கடைக்காரர் முதலில் கேட்டது இரண்டு தளங்களையும்தான்: கீழே விற்பனை, மேலே சரக்கு. துணிக்கட்டுகள் பார்ப்பதற்குப் பஞ்சுபோல இருந்தாலும், அடுக்கி வைத்தால் எடை ஏறிவிடும். 1986-இல் வீட்டுக்கென்று போட்ட தளத்தின் மேல் அதை ஏற்றுவதாக இருந்தால் முதல் தளம் முழுவதற்கும் அடியில் இரும்பு உத்தரங்கள் கொடுக்க வேண்டும். அந்தச் செலவை மட்டும் தனியாகக் கணக்கிட்டுக் காட்டியபோது, அவரே கீழ்த்தளம் போதும் என்று சொல்லிவிட்டார். தரைத்தளத்தில் பாரம் மண்ணுக்குப் போகிறது. அங்கே எவ்வளவு அடுக்கினாலும் கூரைத்தளத்துக்குக் கவலையில்லை. கனமானது கீழே, இலேசானது மேலே என்ற இந்த ஏற்பாட்டால் மிச்சமான தொகை, வேறெந்தப் பேரத்திலும் கிடைத்திருக்காது.

பல் மருத்துவமனைக்கு வேண்டிய 2.5-க்கும்கூடத் தளம் தாங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. இங்கே மொசைக் தரை கைகொடுத்தது. ஒப்பந்ததாரர், மொசைக்கை உடைக்காமல் அதன் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம், உடைப்புக் கூலி மிச்சம் என்று சொல்லியிருந்தார். கீழ்த்தளத்தில் அது பரவாயில்லை என்றாலும், மேல்தளத்தில் ஏற்கெனவே உள்ள மூன்று அங்குல மொசைக், அதன் கீழ்க் கலவை ஆகியவற்றின் எடையோடு புதுக் கலவையின் எடையும் சேரும். அதற்கு மாறாக மொசைக்கை முழுவதும் பெயர்த்து எடுத்துவிட்டு, மெல்லிய படுக்கையில் டைல்ஸ் பதித்தால் சதுர மீட்டருக்கு 70 கிலோ அளவுக்குத் தளத்தின் சொந்த எடை குறைகிறது. கூடுதலாகத் தேவைப்பட்ட 50 கிலோ அங்கேயே கிடைத்துவிட்டது. உடைப்புக் கூலி கூடியது உண்மை. ஆனால் அது உத்தரங்களுக்கு ஆகியிருக்கும் செலவில் ஒரு சிறு பகுதிதான்.

இந்தக் கணக்கெல்லாம் தளம் ஆரோக்கியமாக இருந்தால்தான் செல்லும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, ரீபவுண்ட் ஹேமர் கொண்டு கான்கிரீட்டின் மேற்பரப்பு வலுவையும், கருவி கொண்டு கம்பிகளின் இடைவெளியையும் பார்த்தோம். சில இடங்களில் பூச்சைத் தட்டிவிட்டு, புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மேல் பினாப்தலின் கரைசலைத் தெளித்தார். இளஞ்சிவப்பாக மாறினால் கான்கிரீட்டின் காரத்தன்மை குறையவில்லை, கம்பிக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். நிறம் மாறாவிட்டால் துருப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். கூடத்திலும் படுக்கையறைகளிலும் நல்ல நிறம் வந்தது. மேல்தளக் கழிப்பறைக்குக் கீழே வரவில்லை. இந்தச் சோதனைக்கு ஆன 35 ஆயிரம் ரூபாயைச் சித்தப்பா முதலில் வீண்செலவு என்றே எண்ணினார். பழைய வீட்டை மாற்றுவதற்கு முன் செலவழிக்கும் பணத்தில் இதற்கு இணையானது வேறில்லை என்பது என் கருத்து.

பிறகு சுவர்கள். கடைக்குக் கூடமும் இரண்டு படுக்கையறைகளும் ஒன்றாக வேண்டும். அதாவது பன்னிரண்டு அடி நீளமுள்ள இரண்டு சுவர்களை எடுக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் கணக்கில் அது "இரண்டு சுவர் இடிப்பு" மட்டுமே. ஆனால் அந்தச் சுவர்களின் மேல் முதல் தளமும், அதன் மேல் முதல் தளத்துச் சுவர்களும், அவற்றின் மேல் மொட்டை மாடியும் உட்கார்ந்திருந்தன. பொறியாளரின் கணக்குப்படி ஒவ்வொரு சுவருக்கும் பதிலாக 250 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஐ.எஸ்.எம்.பி. எனப்படும் ‘I’ வடிவ இரும்பு உத்தரங்கள் இரண்டிரண்டு தேவைப்பட்டன. மீட்டருக்கு 37.3 கிலோ எடையுள்ள உத்தரம்; பதினான்கு அடி நீளத்தில் நான்கு உத்தரங்கள் என்றால் 640 கிலோ இரும்பு; தகடு, போல்ட், இணைப்புத் துண்டுகள் சேர்த்து 900 கிலோவுக்கு அருகில் வந்தது. இரும்பின் விலை இதில் பாதிக் கதைதான். உத்தரத்தின் ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 12 டன் பாரம் இறங்குகிறது. அதைப் பழைய செங்கல் சுவரின் துண்டு ஒன்றின் மேல் வைத்தால் செங்கல் நொறுங்கிவிடும். ஆகவே முனைக்கு ஒன்றாக நான்கு கான்கிரீட் தூண்கள், அவற்றுக்குத் தனி அடித்தளம், அதற்காகப் பழைய கருங்கல் அடித்தளத்தை ஒட்டிக் குழி தோண்டுதல் என்று வேலை வளர்ந்தது.

உத்தரத்தை ஏற்றும் முறையும் செலவைக் கூட்டும். இரு பக்கமும் தளத்துக்கு ஜாக்கிகள் கொடுத்துத் தாங்கிய பிறகு, சுவரின் ஒரு பக்கத்தில் பாதித் தடிமனுக்கு வெட்டி, முதல் உத்தரத்தை நுழைத்து, இடைவெளியைச் சுருங்காத கிரவுட் என்ற சிமென்ட் கலவை கொண்டு நிரப்பி, அது இறுகிய பின்னர்தான் மறுபக்கத்தை வெட்ட வேண்டும். இரண்டாவது உத்தரமும் நின்ற பிறகே கீழே உள்ள சுவரைத் தொடலாம். இந்தப் பொறுமைக்குக் கூலி உண்டு, ஜாக்கிகளுக்கு நாள் வாடகை உண்டு. சோதனைச் செலவையும் சேர்த்து இந்தத் தலைப்பில் மட்டும் 4 லட்சத்து 25 ஆயிரம் எழுதினேன். இன்னொரு விளைவையும் மதிப்பீட்டுக் காலத்திலேயே வாடகைதாரரிடம் சொல்லிவிட வேண்டும். பத்தடி உயரக் கூரையில் உத்தரம் பத்து அங்குலம் கீழே இறங்கும். பூச்சும் சேர்ந்தால் அந்த இடத்தில் ஒன்பது அடிதான் கிடைக்கும். அலங்காரக் கூரை போடுவோர் அதற்கும் கீழேதான் போக வேண்டும்.

இடிபாடுகளை அகற்றுவதற்கு மதிப்பீட்டில் பலர் "இதர செலவு" என்று ஒரு தொகையை எழுதிவிடுகிறார்கள். அளந்தே எழுதலாம். இரண்டு சுவர்கள் 180 கன அடி. இரு தளங்களின் மொசைக்கும் கலவையும் மூன்று அங்குலத்தில் 520 கன அடி. உடைத்தால் பொருள் உப்பும். ஒன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் ஏறத்தாழ 1,000 கன அடி, அதாவது பத்து யூனிட். அவ்வளவையும் மூட்டை கட்டித் தெருவுக்குக் கொண்டுவந்து, லாரியில் ஏற்றி, மாநகராட்சி அனுமதிக்கும் இடத்தில் கொட்ட வேண்டும். இதற்கு நேர்மாறான ஒரு வரவும் உண்டு. கழற்றப்படும் தேக்குக் கதவுகளும் சன்னல் சட்டங்களும் இரும்புக் கிராதிகளும் ஒப்பந்ததாரருக்கே என்று வாய்மொழியாக விட்டுவிடுவது வழக்கம். நாங்கள் அவற்றை எண்ணி, பழைய மர வியாபாரியிடம் தனியே விலை கேட்டு, 90 ஆயிரம் ரூபாயை மதிப்பீட்டில் கழிவாகக் காட்டினோம். அந்தக் காலத்துத் தேக்குக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

முன்புற வேலை எப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக நீளும் என்பதற்குச் சாய்தளம் நல்ல எடுத்துக்காட்டு. நம் வீடுகளை மழைநீருக்குப் பயந்து உயர்த்திக் கட்டியிருப்பார்கள். சித்தப்பா வீட்டின் தரை தெருவிலிருந்து இரண்டு அடி உயரம். பொதுமக்கள் வந்துபோகும் கட்டடத்துக்குச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் வேண்டும். அதன் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. இரண்டு அடி உயரத்துக்கு 24 அடி நீளம். முன்புற இடைவெளியோ 14 அடிதான். ஆகவே சாய்தளத்தை வீட்டின் முகப்புக்கு இணையாகக் கிடத்த வேண்டியிருந்தது. அது நான்கு அடி அகலத்தை எடுத்துக்கொண்டது. மீதமுள்ள பத்து அடியில் கார்கள் தெருவுக்கு இணையாகத்தான் நிற்க முடியும். அப்படி நிற்க வேண்டுமானால் முன்மதில் முழுவதும் போக வேண்டும். மதில் போனால் தெருச் சாக்கடையின் மேல் முழு நீளத்துக்கும் மூடுபலகை வேண்டும், தரைக்குப் பேவர் பிளாக் வேண்டும். இரண்டு அடி உயரத்தில் தொடங்கியது இத்தனையில் முடிந்தது. உருட்டுக் கதவு, தடித்த கண்ணாடி முகப்பு ஆகியவற்றோடு சேர்த்து முன்புறத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் ஆயிற்று.

மேல்தளத்துக்குப் போகும் மாடிப்படி வீட்டுக்குள் இருந்தது. மூன்றடி அகலம், நடுவில் முக்கோணப் படிகளோடு திரும்பும் பழைய அமைப்பு. நோயாளிகள் துணிக்கடைக்குள் புகுந்து மேலே போக முடியாது என்பதால் பின்பக்கமாக வெளியே இரும்புப் படிக்கட்டு ஒன்று தேவைப்பட்டது. அதன் இடமும் பின் இடைவெளிக்கான விதியோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், வரைபடத்தில் காட்டி அனுமதி வாங்கிய பிறகே இரும்புக்குச் சொன்னோம். 2 லட்சத்து 30 ஆயிரம்.

மின்சாரம் தனிக் கதை. வீட்டில் இரண்டு வீட்டு இணைப்புகள் இருந்தன, ஒன்று மூன்று கிலோவாட், மற்றொன்று இரண்டு. கடைக்கு எட்டு டன் ஏ.சி. தேவை; டன்னுக்கு ஏறத்தாழ 1.1 கிலோவாட் என்று வைத்தால் அதற்கே ஒன்பது கிலோவாட்டுக்கு அருகில் போய்விடுகிறது. விளக்குகள், மேல்தளத்தின் ஏ.சி.கள், பல் மருத்துவ நாற்காலிகளுக்கான கம்ப்ரசர், மோட்டார் எல்லாம் சேர்ந்து இருபது கிலோவாட்டைத் தொட்டது. ஆகவே மும்முனை இணைப்பு, கூடுதல் மின்பளுவுக்கு கிலோவாட் கணக்கில் வைப்புத்தொகையும் வளர்ச்சிக் கட்டணமும், கம்பத்திலிருந்து புதுக் கேபிள், மீட்டர் பலகை, புதிய எர்த் குழிகள், உள்ளே முழுவதும் புது வயர். பழைய குழாய்களுக்குள் புது வயரை இழுத்துவிடலாம் என்ற யோசனை காகிதத்தில் நன்றாக இருக்கும்; நாற்பது ஆண்டு இரும்புக் குழாய்களில் பாதி அடைத்துக்கொண்டிருந்தன. 5 லட்சத்து 60 ஆயிரம் எழுதினேன். மொத்தப் பட்டியலில் இதுவே பெரிய தொகை.

வீட்டு இணைப்பிலேயே சில காலம் கடையை ஓட்டிவிடலாம் என்று அறிவுரை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவின்படி, எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டதோ அதைவிட்டு வேறு பயன்பாட்டுக்கு மின்சாரத்தை எடுப்பது அங்கீகாரமற்ற பயன்பாடு. அதற்குப் பொருந்தும் கட்டணத்தைப்போல் இரு மடங்கு விதிக்கப்படும். எந்த நாளிலிருந்து என்று உறுதி செய்ய முடியாவிட்டால் பன்னிரண்டு மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருப்பதால், அது வாடகைதாரரோடு நின்றுவிடும் என்று அவர் நம்பியிருக்க முடியாது. வணிக இணைப்பில் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டும் கிடையாது, யூனிட் விலையும் கூடுதல் என்பதை வாடகைதாரரிடமும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பல் மருத்துவமனை வந்ததால் குழாய் வேலையில் சில நுணுக்கங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு நாற்காலிக்கும் தண்ணீர், அழுத்தக் காற்று, கழிவுநீர், மின்சாரம் நான்கும் தரைக்கடியிலிருந்து வர வேண்டும். முதல் தளத்தில் தரைக்கடி என்றால் கீழ்க்கடையின் கூரை. தளத்தில் துளை போட்டுக் குழாய்களைக் கீழே தொங்கவிடலாம்; ஆனால் என்றாவது கசிந்தால் துணிமீது சொட்டும். ஆகவே நாற்காலிகள் வரும் பகுதியில் மட்டும் இலேசான மேடை அமைத்து, குழாய்களை அதற்குள்ளேயே சரிவோடு சுவர்ப்பக்கம் கொண்டுபோனோம். ஒரு மிச்சமும் கிடைத்தது. எக்ஸ்ரே அறைக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவரோ அதற்கு ஈடான ஈயத் தகடோ வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதிக்கு அது அவசியம். பழைய பூசையறையைச் சுற்றி ஒன்பது அங்குலச் சுவர்களே இருந்தன. சாமி படங்களைச் சித்தி எடுத்துக்கொண்டுபோன பிறகு அதுவே எக்ஸ்ரே அறையாயிற்று. இதை ஏற்கலாமா என்று அவர் சில நாள் தயங்கினார். ஈயத் தகட்டின் விலையைக் கேட்ட பிறகு தயக்கம் குறைந்தது.

மற்றவை சாதாரணமானவை. பூச்சு, புதிய தடுப்புச் சுவர்கள், மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்பு, டைல்ஸ், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தல் ஆகியவை பரப்பைக் கொண்டு கணக்கிடக் கூடியவை; ஒப்பந்ததாரரின் 900 ரூபாய் உண்மையில் இவற்றுக்குத்தான் பொருந்தியது. இடிப்பையும் குழாய் வேலையையும் சேர்த்து, எல்லா வேலைகளுக்கும் 30 லட்சத்து 25 ஆயிரம் வந்தது. வரைபடம், பொறியாளர் ஊதியம், விண்ணப்பக் கட்டணங்கள், கட்டடத் தொழிலாளர் நல நிதி ஆகியவற்றுக்கு 1 லட்சத்து 90 ஆயிரம். எதிர்பாராச் செலவுக்கு வேலை மதிப்பில் 15 சதவீதம். தேக்கு வரவைக் கழித்தபின் ஏறத்தாழ 35 லட்சத்து 80 ஆயிரம்.

அந்த 15 சதவீதத்தைப் பற்றித்தான் அதிக வாக்குவாதம். புதுக் கட்டடத்துக்கு 5 சதவீதம் போதும் என்று நானே சொல்வேன். பழைய கட்டடத்தில் பூச்சுக்குப் பின்னால் இருப்பதை யாரும் முழுவதும் பார்த்துவிட முடியாது. மேல்தளக் கழிப்பறைக்கு அடியில் பூச்சைத் தட்டியபோது கம்பிகள் தடிமனில் கால் பங்கு துருவாகப் போயிருந்தன. அந்தப் பகுதித் தளத்தையே வெட்டியெடுத்து மறுபடி போட வேண்டியிருந்தது. தரைத்தொட்டியில் ஒரு விரிசலும், அளவு குறைவான ஒரு கழிவுநீர்க் குழாயும் பின்னர் தெரிந்தன. ஒதுக்கி வைத்த தொகையில் ஐந்தில் நான்கு பங்கு செலவாயிற்று. முடிவில் கைவிட்டுப் போனது 35 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

அது அவ்வளவோடு நின்றதற்கு ஒப்பந்தத்தின் வடிவமும் ஒரு காரணம். மொத்தத் தொகைக்குப் பேசாமல், ஒவ்வொரு வேலைக்கும் அலகு விலை எழுதி, முடிந்ததை அளந்து பணம் கொடுப்பது என்று வைத்தோம். தளம் வெட்டிப் போட வேண்டி வந்தபோது அதற்கான கன அடி விலை பட்டியலில் ஏற்கெனவே இருந்தது, பேரத்துக்கு இடமில்லை. மொத்த ஒப்பந்தமாக இருந்திருந்தால், வீடு பாதி உடைந்து கிடக்கும் நேரத்தில் உரிமையாளருக்குப் பேரம் பேசும் வலு இருக்காது.

வரிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவுள்ள ஒப்பந்ததாரர் தன் பில்லில் 18 சதவீதம் சேர்ப்பார்; சொன்ன விலை அதையும் சேர்த்ததா, அது தனியா என்று முதல் நாளே கேட்க வேண்டும். கட்டட வேலைக்குக் கொடுத்த அந்த வரியை, மூலதனச் செலவாக இருக்கும் அளவுக்கு, பின்னால் வாடகைமீது வரும் வரியிலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே அது முழுச் செலவுதான். எங்கள் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டின் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. செலவு கணிசமாகக் குறையும் என்று சித்தப்பா மகிழ்ந்தார். மொத்த வேலைக்கும் 220 மூட்டை. மூட்டை 340 ரூபாய் என்றால் 75 ஆயிரத்துக்கும் குறைவு. வரி குறைந்ததால் மிச்சமானது ஆறாயிரம் ரூபாய்கூட இல்லை. மாற்ற வேலையில் பணம் சிமென்ட்டில் போவதில்லை. ஆள்கூலியிலும் இரும்பிலும் மின்சாரத்திலும் போகிறது.

மாநகராட்சிச் சொத்துவரி வணிக விகிதத்துக்கு மாறும். அது ஒருமுறைச் செலவன்று, ஆண்டுதோறும் வருவது. வேலை நடக்கும் காலத்தில் இழக்கும் வாடகையையும் செலவாகவே எழுத வேண்டும். இரண்டு பகுதிகளாக 27 ஆயிரம் வந்துகொண்டிருந்த வீடு. ஏழு மாதத்துக்கு 1 லட்சத்து 89 ஆயிரம். மதிப்பீட்டுடன் அதைச் சேர்த்தால் ஏறத்தாழ 37 லட்சத்து 70 ஆயிரம்.

இனி முடிவெடுக்கும் கணக்கு. மாற்றிய பின் கடைக்கு 48 ஆயிரம், மருத்துவமனைக்கு 27 ஆயிரம், ஆக 75 ஆயிரம் வாடகை. முன்பைவிட மாதம் 48 ஆயிரம் கூடுதல். ஒப்பந்ததாரரின் 18 லட்சத்து 72 ஆயிரத்தை வைத்துப் பார்த்தால் போட்ட பணம் மூன்றேகால் ஆண்டில் திரும்பும். என் மதிப்பீட்டின்படி, கூடுதல் சொத்துவரியும் பராமரிப்பும் போக, ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். இரண்டும் வேறு வேறு முடிவுக்கு இட்டுச்செல்லும் எண்கள். முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டுவதையும் எடை போட்டோம். அதே பரப்புக்கு 54 லட்சத்துக்குக் குறையாது, வாடகையில்லாத காலமும் இரு மடங்கு. எழுபதைத் தாண்டிய சித்தப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. கடன் வாங்காமல், ஓய்வூதியப் பணத்தைத் தொடாமல், ஒரு மனை விற்ற பணத்தில் செய்ய முடிந்ததால் ஏழு ஆண்டுக் கணக்கை ஏற்றுக்கொண்டார். வங்கிக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டியிருந்தால் வேண்டாம் என்றே நான் சொல்லியிருப்பேன்.

வாடகைதாரர்களோடு எது யார் செலவு என்று எழுதிக்கொண்டது மிகவும் உதவியது. கட்டமைப்பு, மின் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு, முகப்பு ஆகியவை உரிமையாளருடையவை. அலங்காரக் கூரை, ஏ.சி., அடுக்குகள், பெயர்ப்பலகை அவர்களுடையவை. ஆண்டு வாடகை 20 லட்சத்துக்குள் இருப்பதால் சித்தப்பாவுக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படவில்லை, ஆனால் பதிவுள்ள கடைக்காரர் 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கான வரியைத் தாமே நேரடியாகக் கட்ட வேண்டும் என்பதால், அதைக் காட்டி வாடகையைக் குறைக்கச் சொன்னார். அவர் அதை உள்ளீட்டு வரியாக எடுத்து, தம் விற்பனைக்குக் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள முடியும் என்று கணக்காளர் விளக்கியதும் விட்டுவிட்டார். ஒப்பந்தத்தில் பொறியாளர் சொல்லி நாங்கள் சேர்த்த இரண்டு விதிகள் வழக்கமான படிவங்களில் இருப்பதில்லை. முதல் தளத்தில் சதுர மீட்டருக்கு 250 கிலோவுக்கு மேல் எதையும் வைக்கக் கூடாது. எந்தச் சுவரிலும் எழுத்து மூலமான இசைவின்றித் திறப்பு வெட்டக் கூடாது. இரண்டுக்கும் தளவரைபடத்தை இணைத்து, எந்தச் சுவர் பாரம் தாங்குவது என்று சிவப்பு மையால் குறித்து, இரு தரப்பும் அதன்மேல் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வேலைக்கான பில்கள் அனைத்தும் ஒரு கோப்பில் இருக்கின்றன. என்றாவது அந்தக் கட்டடத்தை விற்றால் மூலதன ஆதாய வரிக் கணக்கில் மேம்பாட்டுச் செலவாகக் காட்ட அவை தேவைப்படும்.